இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த மெட்ராஸ் டாக்டர்... ஃபோலிக் ஆசிட் மாத்திரை வந்த கதை!

காலையில் டிபன் முடிந்ததும் ஒரு மல்டிவைட்டமின். பலருக்கு இது பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டது. ஞாபக சக்திக்கு, முடி கொட்டாமல் இருக்க, சோர்வு போக என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலில் ஃபோலிக் ஆசிட் என்ற பெயர் அநேகமாக இருக்கும்.

வத்திராயிருப்பு அரசு மருத்துவமனைக்கு செக்கப் வரும் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்புச்சத்தோடு சேர்ந்து இருப்பதும் இதேதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிகளில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீல மாத்திரையிலும் இருக்கிறது. செறிவூட்டப்பட்ட அரிசியிலும் கலந்திருக்கிறது.

இந்த வைட்டமினை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்து மாத்திரையாக்க வழி செய்த குழுவை நடத்தியவர், சென்னையில் படித்த ஒரு டாக்டர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். யார் இவர்? ஏன் இவர் பெயர் நமக்கு அதிகம் தெரியவில்லை? இவர் கதையிலிருந்து, தினமும் வைட்டமின் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பீமவரம் டு திருவல்லிக்கேணி

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. அப்பா ஜெகந்நாதம் வருவாய்த் துறை ஊழியர். உடம்பு சரியில்லாமல் போனதால் சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டில் ஏழு பிள்ளைகள். பணக் கஷ்டத்துக்குக் குறைவே இல்லை.

படிப்பில் சுப்பாராவ் ஒன்றும் சூப்பர் ஸ்டார் இல்லை. 13 வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனோடு காசிக்கு ஓடிப் போனார். யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆவதுதான் திட்டம். அம்மா வெங்கம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். கையில் இருந்த நகையை விற்று அம்மா அவரை மெட்ராஸுக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் செய்தார். அடுத்து மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட்.

அந்த வயதில் அவர் மனசு சாமியாராகப் போவதில் இருந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. சேவைதான் செய்ய வேண்டும் என்றால் டாக்டருக்குப் படிக்கலாமே என்று மடத்திலும் வழிகாட்டினார்கள். அப்படித்தான் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குள் நுழைந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனார் ஆன கஸ்தூரி சூர்யநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்கள்.

கதர் கோட்டால் கைவிட்டுப் போன பட்டம்

அது காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்குள் கதர் துணியில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை.

விளைவு, மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர முயன்றார். அந்தக் கதவும் திறக்கவில்லை.

கடைசியில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை வழியாகப் போயிருப்பீர்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, பிறகு சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரான அந்த ருக்மணி, இந்த லட்சுமிபதியின் மனைவிதான்.

ஸ்ப்ரூ என்றால் என்ன?

சுப்பாராவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு நோய். பெயர் ட்ராபிக்கல் ஸ்ப்ரூ. வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய் இது.

சிறுகுடலின் உள்சுவரில் வெல்வெட் துணி மாதிரி நுண்ணிய விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் இருக்கும் சத்தை உறிஞ்சுவது அவைதான். ஸ்ப்ரூ வந்தால் அந்த விரல்கள் மழுங்கிப் போகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. நிற்காத வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், எடை இழப்பு, ரத்தசோகை என்று ஆள் உருகிப் போவார்.

இந்த நோய்க்குச் சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் பலியானார்கள். இருவரின் மரணத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி சில நாட்கள்தான். டாக்டருக்குப் படித்தவர் வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு யாரிடமும் அதற்கு மருந்து இல்லை. சுப்பாராவையும் அதே நோய் தாக்கியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார்.

இந்த நோய்க்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க ஹார்வர்டு போவது என்று முடிவெடுத்தார்.

பெட்பேன் கழுவிய டாக்டர்

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும், மாமனாரும் பண உதவிக்கு முன்வந்தார்கள். 1920-களின் ஆரம்பத்தில் பாஸ்டன் போய் இறங்கினார் சுப்பாராவ். ஊரில் மனைவி சேஷகிரி கர்ப்பமாக இருந்தார். சில வருடங்களில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அமெரிக்காவில் அவருடைய மெட்ராஸ் சான்றிதழுக்கு மதிப்பில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை பார்க்க முடியாது. பகலில் ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் எடுபிடி வேலை. நோயாளிகளின் பெட்பேன் கழுவி, அந்தச் சம்பளத்தில்தான் சாப்பாடும் வாடகையும்.

அந்த நாட்களில்தான் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பிறந்த ஆண் குழந்தை ஒரு வயதுகூட ஆகாமல் இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

மூன்று பெரிய கண்டுபிடிப்புகள்... ஆனால் வேலை நிரந்தரம் இல்லை!

டிப்ளமோ முடித்து ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறைக்கு வந்தார். அங்கே பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து அவர் செய்த வேலைகள் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

1925: ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு சுலபமான வழி. ரசாயனம் சேர்த்தால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்.

1927: தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். ஜிம் போகிறவர்கள் கிரியாட்டின் பவுடரைப் பற்றிப் பேசுவார்களே, அந்தக் கிரியாட்டின் தசைக்குள் போய் எடுக்கும் வடிவம் இதுதான். தசை எப்படி இயங்குகிறது என்பது பற்றி அதுவரை இருந்த கருத்தையே இது ஆட்டிவைத்தது.

1929: ஏ.டி.பி. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி கொடுக்கும் மூலக்கூறு. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக இதைக் கண்டுபிடித்து, முந்தி வெளியிட்டார்.

1930-ல் ஹார்வர்டு பிஎச்.டி.யும் கிடைத்தது. நிரந்தர வேலை மட்டும் கிடைக்கவில்லை. வருடங்கள் ஓடின. 1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போனார். விரைவில் அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரும் ஆனார்.

நடுவில் ஒரு பம்பாய், குன்னூர் கதை

ஃபோலிக் ஆசிட் கதையில் இந்தியாவுக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய் வந்தார். அங்கே ஜவுளி மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி வீங்கி, எண்ணிக்கையில் குறைந்து போகும்.

பம்பாயோடு நிற்காமல் நம்ம குன்னூரிலும் சில காலம் ஆராய்ச்சி செய்தார் லூசி. ஈஸ்ட்டில் இருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-ல் இதை வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் என்ன என்பது தெரியாததால், அதற்கு வில்ஸ் காரணி என்ற பெயர் நிலைத்தது.

1941-ல் டெக்சாஸில் ஒரு குழு, நான்கு டன் பசலை வகைக் கீரையில் இருந்து ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் பிரித்தது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடிய பொருள் இதுதான் என்பது பின்னர் புரிந்தது.

ஈரலில் இருந்து மாத்திரைக்கு

நான்கு டன் கீரையில் சிட்டிகைகூடக் கிடைக்காத ஒன்றை நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? அதை ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். லெடர்லேவில் சுப்பாராவின் குழு இறங்கியது இந்த வேலையில்தான். ஈரலில் இருந்தும், நுண்ணுயிர் வளர்த்த கரைசலில் இருந்தும் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பைத் துண்டு துண்டாகக் கண்டுபிடித்தார்கள். 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால் முதலில் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. வேகமாகப் பிரியும் செல்கள் எங்கே இருக்கின்றன? ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில். குடலின் உள்சுவரில். கருவில் வளரும் குழந்தையில். ஃபோலேட் குறைந்தால் முதல் அடி விழுவதும் இந்த இடங்களில்தான்.

தயாரித்த கொஞ்ச காலத்திலேயே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது, எழுந்து நடந்தார்கள். மெட்ராஸை விட்டுக் கிளம்பி இருபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்குச் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து மருந்து வந்தது.

அதே வைட்டமின், தலைகீழாக!

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. இன்னும் வேகமாகப் பரவியது போலத் தெரிந்தது.

அங்கேதான் ஒரு பொறி தட்டியது. செல் பிரிய ஃபோலேட் வேண்டும். புற்றுநோய் செல் கட்டுப்பாடில்லாமல் பிரியும் செல். அப்படியென்றால் அதற்கு ஃபோலேட் கிடைக்காமல் செய்துவிட்டால்?

சுப்பாராவின் குழு, பார்வைக்கு ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருந்து செல்லை ஏமாற்றும் போலிப் பொருட்களைத் தயாரித்து அனுப்பியது. அதில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அந்தப் பலன் தற்காலிகம்தான். ஆனாலும் ரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்க முடியும் என்பதை உலகம் அப்போதுதான் பார்த்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

யானைக்கால் மாத்திரையும் இவருடையதா?

ஆமாம். யானைக்கால் நோய்த் தடுப்புக்காகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை, 1947-ல் லெடர்லே ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது.

70 வயது தாண்டி ஓய்வு பெற்றிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், அதே ஆய்வகத்தில் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளில் முதலாவது. 1948-ல் அறிவிக்கப்பட்டது.

இன்றைக்கு ட்ராபிக்கல் ஸ்ப்ரூவுக்குக் கொடுக்கும் சிகிச்சை என்ன தெரியுமா? ஃபோலிக் ஆசிட்டும், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கும். இரண்டின் தொடக்கமும் ஒரே ஆய்வகம்தான்.

சரி, மூளைக்கு ஃபோலிக் ஆசிட் நல்லதா?

இங்கேதான் கவனம் தேவை. ஃபோலிக் ஆசிட்டின் சாதனையும் ஆபத்தும் இரண்டுமே நரம்பு மண்டலத்தோடு சம்பந்தப்பட்டவை.

முதலில் சாதனை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே இது முடிந்துவிடும். குழாய் சரியாக மூடாத குறைபாட்டோடு ஏற்கெனவே குழந்தை பெற்ற பெண்களுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தபோது, அடுத்த குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. இதை 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு நிரூபித்தது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து ஆபத்து. ஃபோலிக் ஆசிட் வந்த புதிதில், வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகைக்கும் டாக்டர்கள் அதையே கொடுத்தார்கள். ரத்தம் ஊறியது. ஆனால் சில நோயாளிகளுக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது. ரத்தப் பிரச்சினை மட்டும் சரியாகி, பி12 இல்லாமல் நரம்பு சேதமாவது வெளியே தெரியாமல் தொடர்ந்திருந்தது. பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டதே 1948-ல்தான்.

இது நமக்கு ஏன் முக்கியம்? பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், கறி போன்றவற்றில் மட்டும்தான். பாலும் அளவாக மட்டும் சேர்க்கும் சைவக்காரர்களுக்கு இது குறைய வாய்ப்பு அதிகம். கை கால் மரத்துப்போவது, மறதி, எப்போதும் அசதி இருந்தால் தானாகவே ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போடக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனை போதும், எது குறைவு என்று தெரிந்துவிடும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் எந்த நாளில், எவ்வளவு ஃபோலிக் ஆசிட் போடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குறைபாடு இல்லாதவர்கள் தினமும் மல்டிவைட்டமின் போட்டால் மூளை ஷார்ப் ஆகுமா? 65 வயது தாண்டிய அமெரிக்க ஆண் டாக்டர்கள் சுமார் 6,000 பேரை 12 வருடங்கள் கவனித்த ஆய்வு 2013-ல் வந்தது. மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. 60 வயது தாண்டியவர்களிடம் நடந்த காஸ்மோஸ் என்ற சமீபத்திய ஆய்வுகளில் ஞாபக சக்தியில் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. இந்த இரண்டும் வயதானவர்களைப் பற்றியவை. 25 வயதில் ஆபீஸ் வேலையில் கவனம் கூடும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

வைட்டமின்தானே, அதிகமானால் என்ன என்ற எண்ணமும் தப்பு. புகைபிடிக்கும் ஃபின்லாந்து ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-ல் தெரியவந்தது.

ஃபோலேட்டுக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. கீரை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, நிலக்கடலை, கறி சாப்பிடுபவர்களுக்கு ஈரல். ஆனால் ஃபோலேட் தண்ணீரில் கரையும், அதிகம் வெந்தால் அழியும். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

ஏன் இவர் பெயர் பரவவில்லை?

சுப்பாராவ் விளம்பரத்துக்கு ஆசைப்பட்டவர் இல்லை. கம்பெனி ஆய்வகத்தில் பெரிய குழுவோடு வேலை பார்த்ததால் பெருமையும் பலரிடம் பிரிந்தது. அவர் அமெரிக்கா போன காலத்தில் இந்தியர்கள் குடியுரிமை பெறவே முடியாது. 1946-ல் சட்டம் மாறிய பிறகும் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை, இந்தியராகவே இருந்தார்.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சில வருடங்களில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. சேஷகிரி கடைசிவரை இந்தியாவிலேயே இருந்தார்.

நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

அவர் தேடியது எல்லோரும் தினமும் போட ஒரு சத்து மாத்திரையை அல்ல. சாப்பிட்டும் சத்து ஒட்டாமல் சாகிறவர்களுக்கு ஒரு மருந்தைத்தான். உங்கள் உடம்பில் அந்தக் குறை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு மாத்திரையைப் பிரிப்பதுதான் சரியான வழி.